பெட்டியில் வந்த நீலத் தரை

கல் அறுக்கிற ஷெட்டில் அவளை அறுப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகக் கூப்பிட்டாலும் அவளுக்குக் கோபம் வராது. "அறுக்கிறவளை அறுப்புன்னு சொல்லாம ஒட்டுன்னா சொல்வாங்க?" என்று சிரித்துவிட்டு வாள் மெஷினைப் போடுவாள். வாள் ஓட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் யார் பேசினாலும் காதில் விழாது. அதுவும் அவளுக்குச் சௌகரியம்தான்.

வேலை இதுதான். மலையோரமாக ரிக் என்கிற துளை மெஷினை நிறுத்தித் துளை போடுவார்கள். வைரத்தூள் பதித்த வாயோடு குழாய் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும். பாறை அதன் வயிற்றுக்குள் உருளையாக ஏறும். அந்த உருளைக்குக் கோர் என்று பெயர். வளையலுக்குள் அடங்குகிற பருமன் இருக்கும். அதை நீளப் பெட்டியில், எது மேலே இருந்ததோ அது முதலில் வருகிற மாதிரி வரிசையாக அடுக்கி ஷெட்டுக்கு அனுப்புவார்கள். அவள் அதைத் தண்ணீர் ஊற்றும் வட்ட வாளில் கொடுத்து நெடுக்காகப் பிளப்பாள். ஒரு பாதி பைக்குள் போய்ச் சோதனைக்குப் போகும். மறு பாதி பெட்டியிலேயே படுத்துக் கிடக்கும், நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் திறந்து பார்க்க.

தேடுவது அருமண், செல்போனுக்கும் மோட்டாருக்கும் போகிற அபூர்வ உலோகச் சத்து. பெயரில்தான் மண், இருப்பது கல்லுக்குள். இந்த விவரமெல்லாம் அவளுக்குக் கல் டாக்டர் சொல்லித் தெரியும். கல் டாக்டர் என்றால் கம்பெனி அனுப்பிய ஜியாலஜிஸ்ட் அம்மா. கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும், எந்தக் கல்லையும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கும், அதனால் அந்தப் பெயர். ஒருநாள் சோற்று வேளையில் கேட்டதற்கு அந்த அம்மா சொன்னது அவளுக்கு நன்றாக ஏறியது. பூமிக்கடியில் உருகிக் கிடந்த குழம்பு மேலே ஏறி இறுகுகிறபோது ஒவ்வொரு கல்லும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு இறுகிவிடுமாம். யாரும் சேர்த்துக்கொள்ளாத சத்தெல்லாம் கடைசிச் சொட்டுக் குழம்பில் ஒதுங்கி நிற்குமாம். அது ஒரு வெடிப்பில் புகுந்து நரம்பு மாதிரி இறுகினால், அங்கேதான் அருமண்.

"பங்கு கிடைக்காததெல்லாம் ஒண்ணு சேர்ந்து நிக்கிற இடம்னு சொல்லுங்க," என்றாள் அவள்.

"அதேதான் அக்கா. நான் நாலு வருஷம் படிச்சதை நீங்க ஒரு வரியில முடிச்சிட்டீங்க."

"முடிச்சு என்ன? சம்பளம் உங்களுக்குத்தானே," என்றாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டவன் அவள் தம்பி. ரிக்கில் டிரில்லர். அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சோறு ஊட்டியவள் அவள்தான். வளர்ந்து ஆளாகி, குழாய்ச் சத்தத்தை வைத்தே கீழே என்ன பாறை என்று சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டான். கம்பெனியில் அவனுக்கு ஒரு பேர் இருந்தது: குழாயில் வந்தது எல்லாம் பெட்டிக்குப் போகும். மற்ற ரிக்கில் மேல்மண், உடைசல், வேர் என்று வருவதை உதறிவிடுவார்கள். அவன் உதறமாட்டான். ஒருமுறை குப்பை மேட்டில் துளை போட்டபோது ஒரு பழைய ரப்பர் செருப்பின் வட்டத்துண்டு குழாயில் ஏறி வந்தது. அதையும் பெட்டியின் முதல் இடத்தில் வைத்து அனுப்பினான். ஷெட்டே சிரித்தது. கல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இப்படி ஒருத்தர் போதும். மேல ஒரு சாண் காணாம போனா கீழ அத்தனை ஆழமும் பொய்யாயிடும்," என்றது. அன்றைக்கு அறுப்பக்காவுக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருத்துவிட்டது. வளர்த்த கை அல்லவா.

அவளுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. வீட்டுக்காரரைத் தரைக்கு இறக்க வேண்டும்.

அவர் பஸ் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒருநாள் வலதுபக்கம் மொத்தமும் செத்துப்போய்விட்டது. பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர்கள் வாடகைக்கு இருந்ததோ மூன்றாம் மாடி. ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் தூக்கி மேலே ஏற்றினதோடு சரி. ஜன்னலில் தெரிகிற எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் அவருக்கு ஊர். "டிரைவரை மாடியில பார்க் பண்ணிட்டீங்களே," என்பார். "ரிவர்ஸ் எடுக்கவும் வழியில்ல." சிரிப்பார். சிரித்து முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்தத் திரும்பல்தான் அவளைக் கொன்றது.

மலையடியில் அப்பாவின் வீடு பூட்டிக் கிடந்தது. ஓட்டு வீடு, படி கிடையாது, வாசலைத் தாண்டினால் தெரு. அப்பா சாகும்போது, "அக்காவுக்குத்தான் வீடு, எனக்கு ரிக்கே வீடு," என்று தம்பி எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தான். வாய்வார்த்தைதான். கூடப்பிறந்தவனிடம் வேறு என்ன கேட்பது? அவர்கள் அங்கே போவதாக முடிவானதும் அவனே வந்து, "கூரைக் கட்டையெல்லாம் உளுத்துப்போச்சு அக்கா. பிரிச்சுப் போட்டு மாத்தணும். ஓடு தலையில விழும், நீ அந்தப் பக்கம் வராதே. முடிஞ்சதும் சாவியக் கையில குடுக்கறேன்," என்றான். போன வாரம்கூட வந்தான். மாமாவின் செத்த காலை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டான். "ஜன்னல் ஓரமா கட்டில் போட்டுடலாம் மாமா. போற வர்ற வண்டியெல்லாம் எண்ணலாம்."

"எண்ணறதா? ஹாரன் அடிக்கச் சொல்லி ஒவ்வொருத்தனையும் திட்டுவேன்டா மச்சான்," என்றார் அவர். அன்று ராத்திரி அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

அதற்கடுத்த வாரக் கடைசியில் புதுப் பெட்டிகள் வந்தன.

கொண்டுவந்து இறக்கியவன் ரேடியோ. வாயை மூடவே மாட்டான், நிறுத்துகிற குமிழும் கிடையாது, அதனால் ரேடியோ. அன்றைக்கு என்னவோ ஸ்டேஷன் கிடைக்காத மாதிரி இருந்தான். பெட்டியை வைத்தான், தலையைச் சொறிந்தான், போனான்.

அவள் முதல் பெட்டியைத் திறந்தாள். மேலே, முதல் இடத்தில், கல் இல்லை. ஒரு வட்டச் சில்லு. சிமெண்ட். அதன் ஒரு முகம் மட்டும் வழவழவென்று இருந்தது. 'பாரு, இன்னொரு செருப்பு' என்று சிரித்துக்கொண்டே தண்ணீர்க் குழாயில் காட்டிக் கழுவினாள்.

நீலம். முக்கால் வட்டம் நீலம், ஒரு ஓரத்தில் பிறை மாதிரி ஊதா.

வாள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள்.

அப்பா தரை போட்டபோது அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும். நீலப்பொடி சிமெண்டில் கலந்து மெழுகுகிற தரை. பாதியில் பொடி தீர்ந்துவிட்டது. கடையில் சிவப்புதான் இருந்தது. மிச்சமிருந்த நீலத்தில் சிவப்பைக் கலந்து ஊதாவாக்கி, கூடத்தின் ஜன்னலோரம் மட்டும் அதைப் போட்டார். "ராஜா உட்கார்ற இடம் வேற கலர்லதான் இருக்கும்," என்று சமாளித்தார். அவள்தான் உள்ளங்கை தேயத் தேய்த்து வழவழப்பாக்கினாள். நீலமும் ஊதாவும் சந்திக்கிற கோடு உலகத்தில் வேறு எந்தத் தரையிலும் இருக்க வழியில்லை. அந்த இடத்தில்தான் கட்டில் போடுவதாகப் பேச்சு.

சில்லுக்குக் கீழே ஒரு விரற்கடை செங்கல் ஜல்லி. அதற்குக் கீழே கொஞ்சம் மண். அப்புறம் பாறை. வரிசை பிசகவில்லை. தம்பி அடுக்கியது.

கல் டாக்டர் கிரிச்சிடுகிற டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தது. அருமண் இருக்கிற இடத்தில் கூடவே கதிர் வீசுகிற வேறொரு சத்தும் இருக்கும், அதைக் கண்டால் டப்பா கிரிச்சென்று சத்தம் போடும். அந்த அம்மா டப்பாவை இரண்டாம் பெட்டி, மூன்றாம் பெட்டி என்று நகர்த்தியது. மூன்றாவதில் பழுப்பும் சாம்பலுமாக ஒரு பட்டை வந்த இடத்தில், அடுப்பில் கடுகு வெடித்த மாதிரி பொரிந்து தள்ளியது.

"அக்கா!" என்று அந்த அம்மா அவள் தோளைக் கட்டிக்கொண்டது. "உங்க வீட்டுக்கு நேர் கீழதான் நரம்பு போகுது. நான் வரைஞ்ச கோடு சரியா இருக்கு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. வேற யாராவது இருந்தா வீட்டுக்குள்ள ரிக் வைக்க விட்டிருப்பாங்களா? பெரிய மனசு அக்கா உங்களுக்கு."

அவள் கையிலிருந்த சில்லைப் பார்த்தாள். "நான் விட்டேன்னு யார் சொன்னாங்க?"

கல் டாக்டரின் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது. "உங்க தம்பிதான்... அக்கா முழு மனசோட சம்மதிச்சுட்டாங்க, மாமாவுக்கு உடம்பு முடியாததால பேச வேண்டாம்னு..."

"இங்க யாருக்கெல்லாம் தெரியும்?"

பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஷெட்டில் பை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கட்டின பையையே மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ரேடியோ தூணுக்குப் பின்னால் நின்றான்.

"உனக்குமா ரேடியோ?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அக்கா. சத்தியமா. இன்னிக்குப் பெட்டியத் தூக்கறப்போதான், 'அக்கா கேட்டா தெரியாதுன்னு சொல்லு'ன்னார் உங்க தம்பி. அப்பத்தான் உங்களுக்குத் தெரியாதுன்னே புரிஞ்சுது."

"உலகத்துச் சேதியெல்லாம் சொல்வே. என் வீட்டுச் சேதிக்கு மட்டும் வாய்க்குப் பூட்டு."

அவன் தலையைத் தொங்கப்போட்டான்.

கல் டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்ல பிள்ளைதான், அதில் ஒன்றும் குறையில்லை. "அக்கா, திங்கள்கிழமை சமையல்கட்டுல அடுத்த துளைன்னு மேல எழுதிப் போட்டாச்சு. நான் இப்பவே பேசறேன். ஆனா வீடு உங்க பேர்ல இருக்கான்னு கேப்பாங்க."

"அப்பா பேர்ல இருக்கு."

"அப்போ உங்க தம்பியும் ஒரு வாரிசு, அவர் சொன்ன சொல்லும் ஒரு சொல்லாத்தான் நிக்கும். இழுத்துக்கிட்டே போகும் அக்கா." அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது: "ஆள் இல்லாத கட்டடம்னுதான் அனுமதி வாங்கினோம். ஆள் குடியிருக்கிற வீட்டுக்குள்ள கம்பெனி ரிக் வைக்காது. அது கட்டாய விதி."

அறுப்பக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்போதே கிளம்பினாள்.

மலையடியில் பஸ் இறங்கும்போது வெயில் சாயவில்லை. வீட்டின் ஓடுகளை அழகாக அடுக்கி, ஒன்றுகூட உடையாமல், சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். உத்தரக் கட்டைகளும் அப்படியே. உளுத்துப் போனதாகச் சொன்ன கட்டை. அவள் ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. பூச்சி தொட்ட கட்டை இல்லை.

கூரை இருந்த இடத்தில் ஆகாசம். அந்த வழியாக ரிக்கின் கோபுரம் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் கால் வைத்தாள். சாம்பல் நிறச் சேறு கணுக்கால் வரை ஏறியது. துளைத் தண்ணீர் வடிய சமையல்கட்டில் பள்ளம் வெட்டியிருந்தார்கள். ஜன்னலோரத்தில், தரைக்குள்ளிருந்து ஒரு இரும்புக் குழாய் எழுந்து, மூடி போட்டுக்கொண்டு நின்றது.

தம்பி நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தான். ஓடவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

"யார் சொன்னா?"

"நீதான் சொன்னே. பெட்டில அனுப்பினியே."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

"அந்தச் சில்லத் தூக்கி வெளிய எறிஞ்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேடா. ஊரையே மடக்கி வெச்சவனுக்கு அது தோணலையா?"

"எப்படி எறியறது? குழாயில வந்ததாச்சே," என்றான். நிஜமாகவே அவனுக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை. பாறைக்கு ஒரு விரற்கடை வஞ்சகம் செய்யத் தெரியாதவன்.

"கல்லுக்குக் குடுத்த மரியாதைய எனக்குக் குடுக்கலையே."

"அக்கா, கேளு. கீழ நரம்பு இருக்குன்னு தெரிஞ்சாச்சு. இனி இது வெறும் ஓட்டு வீடு இல்ல. கம்பெனி இடத்த எடுத்துக்கும். உனக்கும் மாமாவுக்கும் லிஃப்ட் வெச்ச வீடே வாங்கலாம். ஜம்முனு ஏறலாம் இறங்கலாம். நான் என் சுகத்துக்கா பண்ணினேன்?"

"எப்போ வாங்கலாம்?"

"அது... இன்னும் துளை போடணும். சோதனை வரணும். அனுமதி வரணும். ரெண்டு மூணு வருஷம்..."

"அதுவரைக்கும் அவரு?"

அவன் சேற்றைப் பார்த்தான்.

"கேட்டிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே அக்கா."

"அதனால கேக்கல?"

"அதனாலதான் கேக்கல."

ஒளிவு மறைவே இல்லாத பதில். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "போன வாரம் வந்து அவர் கால மடியில வெச்சுப் பிடிச்சியே," என்றாள். "கட்டில் போடற இடத்தச் சொன்னியே. அப்போ இந்தக் குழாய் இறங்கிடுச்சா?"

அவன் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தான்.

"இறங்கிடுச்சாடா?"

"இறங்கிடுச்சு."

அவள் அழுதிருக்கலாம். அழுகை வரவில்லை. "சமையல்கட்டுப் பள்ளத்த மூடு. கூடத்துச் சேத்தை வாரி எடு. ரிக்கை வெளிய தள்ளு. ஞாயித்துக்கிழமை நாங்க குடி வர்றோம்."

"கூரை இல்லையே அக்கா!"

"தார்ப்பாய் இருக்கு. மழ வந்தா நனையறோம். ஆள் இருக்கிற வீட்ல துளை போட மாட்டாங்களாம். நாங்க ஆளுதானே? அதாவது உனக்கு ஞாபகம் இருக்கா?"

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கவில்லை. அவர் மேலே பார்த்துக்கொண்டே கேட்டார். கால் பிடித்ததைச் சொன்னபோது மட்டும் நல்ல கையால் அந்தக் காலைத் தடவிக்கொண்டார், தூசி தட்டுகிற மாதிரி. பிறகு, "கூரையில்லாத வண்டியா? ஓட்டிப் பாத்துடலாம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோ ஷெட்டிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வந்த காரியத்தில் கண்ணாக இருந்தார்கள். கைவைத்த நாற்காலியில் அவரை உட்காரவைத்து, நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டினார்கள்.

"பெல்ட் போட்டாச்சு," என்றார் அவர். "கண்டக்டர், ரைட் சொல்லு."

படி குறுகல். முதல் திருப்பத்திலேயே நாற்காலி சுவரில் இடித்து நின்றுவிட்டது. முன்னால் பிடித்தவனுக்குக் கை வழுக்கியது. அப்போது கீழேயிருந்து தம்பி தாவி ஏறி வந்தான். விடிய விடிய சேறு வாரியிருக்க வேண்டும், முழங்கை வரை சாம்பல் காய்ந்திருந்தது. கண் சிவந்திருந்தது. எத்தனையோ டன் இரும்பைச் சிராய்ப்பில்லாமல் இறக்கியவன். நாற்காலியின் முன்காலைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"தள்ளு," என்றாள் அவள்.

"அக்கா, இவங்களுக்குத் திருப்பத் தெரியாது. மாமா விழுந்துடுவார். நான் பிடிக்கறேன்."

"வேண்டாம். நீ பிடிச்சா எந்த இடத்துல இறக்குவேன்னு எனக்குத் தெரியாது."

நீட்டின கை நீட்டினபடியே நின்றது. அவன் மாமாவைப் பார்த்தான். எப்போதும் எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் அவர் பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தம்பி சுவரோடு ஒட்டி வழிவிட்டான். அவளே முன்காலைப் பிடித்தாள். வாள் பிடித்த கை, பிடித்தால் விடாது. ஒரு படி, இன்னொரு படி. அடுத்த திருப்பத்தில் நாற்காலி மறுபடி மாட்டிக்கொண்டது. எப்படித் தூக்குவதென்று யாருக்கும் புரியவில்லை.

"பின்கால ஒசத்து," என்று மேலேயிருந்து அவன் குரல் வந்தது. "இடது பக்கம் சாய்... இன்னும்... போதும். இப்போ இறக்கு."

சொன்னபடி செய்தார்கள். நாற்காலி பூப்போலத் திரும்பி இறங்கியது. அவன் சொன்னது அச்சுப் பிசகாமல் சரியாகத்தான் இருந்தது. அவள் அண்ணாந்து பார்க்காமல் அடுத்த படிக்குக் காலை வைத்தாள்.